ஷாட்டோ மார்கோ 1848: ஒரு சிவப்பின் பயணம்

1868 ஏப்ரலில் ஒரு குறிப்பேடு பிரெடெரிக் எங்கெல்ஸின் கைக்கு வந்தது. கார்ல் மார்க்ஸின் மூத்த மகள் ஜென்னியின் குறிப்பேடு அது. பிடித்த குணம் எது, கவிஞர் யார், நிறம் எது, உணவு எது என்று அதில் வரிசையாகக் கேள்விகள். வேண்டியவர்கள் சுருக்கமாகப் பதில் எழுதித் தர வேண்டும். அந்நாளைய இங்கிலாந்தில் குடும்பங்கள் விரும்பி ஆடிய விளையாட்டு. மகிழ்ச்சி எது என்ற கேள்விக்கு எங்கெல்ஸ் எழுதிய பதிலில் தத்துவமும் இல்லை, புரட்சியும் இல்லை. ஒரு பிரெஞ்சுச் சிவப்பு ஒயினின் பெயரும் அதன் அறுவடை ஆண்டும் மட்டுமே இருந்தன: ஷாட்டோ மார்கோ 1848.

அதே விளையாட்டில், பிடித்த நிறம் எது என்ற கேள்விக்கு அவர் தந்த பதில்: அனிலின் அல்லாத எந்த நிறமும். (அனிலின்: செயற்கைச் சாயங்களின் மூலப்பொருள்.)

இந்த இரண்டு பதில்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எழுதியவர் இன்று வுப்பர்டால் என்று வழங்கும் ஜெர்மன் நகரத்தின் பார்மன் பகுதியில் பிறந்தவர். சிவப்புச் சாயத்தால் செழித்து, சிவப்புச் சாயத்தால் ஆற்றைக் கெடுத்துக்கொண்ட பள்ளத்தாக்கு அது. அங்கே வளர்ந்த ஒருவர் தன் மகிழ்ச்சிக்கு இன்னொரு சிவப்பைத் தேர்ந்தெடுத்தார் என்றால் அந்தச் சிவப்பு எங்கே பிறந்தது, எப்படி விளைந்தது, யார் யார் கையைக் கடந்து அவர் மேசைக்கு வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

ஆறு சிவந்த ஊர்

வுப்பர்டால் என்ற நகரம் இளையது. பார்மன், எல்பர்ஃபெல்ட் முதலிய ஊர்களை 1929இல் ஒன்றாக இணைத்தார்கள். அடுத்த ஆண்டு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1901 முதல் வுப்பர் ஆற்றின் மேலே தொங்கியபடி ஓடும் ரயில்தான் இன்று அதன் அடையாளம். ஆனால் அந்த ஊர்களை வளர்த்தது நூல். 1527இல் அந்நாட்டுப் பிரபு நூல் வெளுக்கும் தனியுரிமையைப் பார்மனுக்கும் எல்பர்ஃபெல்டுக்கும் வழங்கினார். ஆற்று நீரில் நனைத்த நூலைக் கரையோரப் புல்வெளிகளில் விரித்து வெயிலில் வெளுத்தார்கள். பின்னாளில் அந்த வெள்ளை நூலுக்குச் சாயம் ஏறத் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் துருக்கிச் சிவப்பு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தது.

துருக்கிச் சிவப்பு எளிதில் வசப்படும் நிறமன்று. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து எடுக்கும் சாயம் பருத்தியில் நிலைத்து நிற்க, நூலை எண்ணெயிலும் காரத்திலும் மாறி மாறி ஊறவைக்க வேண்டும். துவர்ப்புச் சரக்கும் படிகாரமும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் உலர்த்த வேண்டும். வாரக்கணக்கில் நீளும் வேலை. சோழமண்டலக் கரையில் நம் சாயக்காரர்கள் சாயவேரைக் கொண்டு ஏற்றிய சிவப்பும் இதற்கு நெருங்கிய உறவு. இரண்டு வேர்களிலும் இருப்பது அலிசரின் என்ற ஒரே நிறப்பொருள். வெயிலுக்கும் வெளுப்புக்கும் அசையாத இந்தச் சிவப்பைத் துணியில் வாங்க உலகம் காத்திருந்தது. கழிவு நீரை வாங்கிக்கொண்டது வுப்பர் ஆறு.

எங்கெல்ஸ் 1820 நவம்பர் 28 அன்று பார்மனில் ஒரு நூல் ஆலை முதலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார். பதினெட்டு வயதில், 1839இல், ஹாம்பர்க் பத்திரிகை ஒன்றில் தன் பெயரைச் சொல்லாமல் வுப்பர்டாலைப் பற்றிக் கடிதங்கள் எழுதினார். தொடக்கத்திலேயே ஆற்றைக் காட்டுகிறார். ஆறு சிவந்து ஓடுவதற்குக் காரணம் போரில் சிந்திய இரத்தமுமில்லை, ஊராரின் செய்கையைக் கண்ட வெட்கமுமில்லை, துருக்கிச் சிவப்பு ஏற்றும் சாயப்பட்டறைகளே காரணம் என்கிறார். திருப்பூர்ச் சாயக்கழிவில் நொய்யல் நிறம் மாறி ஓடியதைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

கரிப்புகையையும் தூசியையும் சுவாசித்துத் தாழ்ந்த கூரைகளின் கீழ் உழைத்தவர்களைப் பற்றியும், ஆறு வயதிலேயே ஆலைக்குப் போன குழந்தைகளைப் பற்றியும் அவர் அந்தக் கடிதங்களில் எழுதினார். அந்த உழைப்பாளிகளுக்கு மிஞ்சிய ஆறுதல்கள் இரண்டு: கடுமையான பக்திநெறி, மலிவான சாராயம். அந்தச் சாராயத்தை எங்கெல்ஸ் ஒருபோதும் மறக்கவில்லை. 1876இல் பிரஷ்ய நிலக்கிழார்களின் உருளைக்கிழங்குச் சாராயத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். 1820களின் இறுதியில் அது திடீரென்று மலிந்து ரைன் பகுதிக்கு வந்ததையும், எல்பர்ஃபெல்ட், பார்மன் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக அதில் விழுந்ததையும் அதில் நினைவுகூர்ந்தார். உலகெங்கும் மதுவில் கலப்படம் செய்ய அந்தச் சரக்கு போய்ச் சேர்வதையும் சொன்னார். எந்தப் பானம் எந்த மண்ணிலிருந்து, யாருடைய லாபத்துக்காக வருகிறது என்று கேட்கும் பழக்கம் அவருக்குப் பிறந்த ஊரிலேயே வந்துவிட்டது.

சரளைக் கற்களின் மேட்டில்

பிரான்ஸின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் மெடோக் என்னும் நிலத்துண்டு நீண்டு கிடக்கிறது. ஒருகாலத்தில் சதுப்பு நிலமாக இருந்த அதை வடிகால் வெட்டுவதில் தேர்ந்த டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் உலரவைத்தார்கள். பழங்காலத்தில் ஆறுகள் அடித்துவந்து குவித்த சரளைக்கல் மேடுகள் அங்கே உண்டு. நெல்லோ கோதுமையோ கேட்கும் செழிப்பு அந்த மண்ணில் இல்லை. திராட்சைக்கு அதுவே வாய்ப்பு. மழை பெய்தால் தண்ணீர் சரளைக்குள் இறங்கிவிடும், வேர் ஈரத்தைத் தேடி ஆழமாகப் போகும், கற்கள் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். கொடி இலையாகப் பெருகாமல் பழத்தில் சத்தைச் சேர்க்கும்.

இந்த மேடுகளில் ஒன்றில்தான் மார்கோ இருக்கிறது. அமெரிக்கரான தாமஸ் ஜெஃபர்சன் 1787இல் போர்தோவுக்கு வந்தபோது முதல் தரத்துக்குரிய தோட்டங்களாக நான்கைக் குறித்துவைத்தார். மார்கோ அவற்றில் ஒன்று. இன்று புட்டியின் தாளில் நாம் பார்க்கும் தூண்கள் வைத்த மாளிகையை லூயி கோம்ப் என்ற கட்டடக் கலைஞர் 1810களில் கட்டினார். 1836இல் ஸ்பெயின் நாட்டு வங்கியாளர் அலெக்சாந்தர் அகுவாதோ தோட்டத்தை வாங்கினார். 1842இல் அவர் இறந்த பிறகு, 1879 வரை, அது அவர் குடும்பத்திடம் இருந்தது. நம் கதையின் ஒயின் இந்த வங்கியாளர் குடும்பத்தின் காலத்தில் விளைந்தது.

மாளிகை முதலாளிக்கு உரியது. கொடிகள் பிழைத்தது கூலியாட்களின் கையால். மெடோக்கில் ஒரு குறிப்பிட்ட பரப்பின் கொடிகளை ஆண்டு முழுதும் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பத்தை ஒப்பந்தக் கூலிக்கு அமர்த்துவது வழக்கம். குளிர்காலத்தில் ஆண்கள் கொடியைக் கவாத்து செய்வார்கள். வெட்டிய குச்சிகளைப் பெண்கள் பொறுக்கிக் கட்டுவார்கள். ஒரு ஹெக்டேரில் சுமார் பத்தாயிரம் கொடிகள் நெருக்கமாக நிற்கும். மாடுகளைக் கட்டி வரிசைகளுக்கிடையே உழுது, வேரடி மண்ணை ஒருமுறை அணைத்து, ஒருமுறை விலக்கி, மறுபடி அணைப்பார்கள். ஒவ்வொரு கொடியின் முன்னாலும் ஆண்டில் பலமுறை குனிய வேண்டும். மார்கோவின் பெயர் பெற்ற மென்மை இந்த முதுகுகளிலிருந்து தொடங்குகிறது.

அந்த மேட்டின் முதன்மையான திராட்சை கபெர்னே சோவிஞ்யோன். சிறிய பழம், தடித்த தோல், தாமதமாகக் கனியும் இயல்பு. தோல் தடித்திருப்பதால் நிறமும் துவர்ப்பும் மிகுதி. சதைப்பிடிப்புக்கு மெர்லோ, மணத்துக்குக் கபெர்னே ஃப்ரான், அழுத்தத்துக்குப் பெட்டி வெர்தோ என்று கலந்து சேர்ப்பது போர்தோ முறை. 1848இல் மெடோக்கில் கார்மெனேர் என்ற வகையும் பரவலாக இருந்தது. பிறகு அது அங்கே ஏறக்குறைய அழிந்துபோனது. 1994இல் சிலி நாட்டில், மெர்லோ என்று எண்ணி வளர்த்த கொடிகளுக்கிடையே, அதை அடையாளம் கண்டார்கள்.

இரண்டு அறுவடைகளின் ஆண்டு

1848 பிப்ரவரியில் லண்டனில் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை அச்சாகி வெளிவந்தது. அதே மாதம் பாரிஸ் எழுந்து மன்னரை விரட்டியது. ஜூனில் பாரிஸ் தொழிலாளர்கள் மறுபடி எழுந்தபோது பீரங்கிகள் அவர்களைச் சாய்த்தன. மார்க்ஸும் எங்கெல்ஸும் கொலோன் நகரத்தில் நாளிதழ் நடத்திக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் இறுதியில் அங்கே இராணுவச் சட்டம் வந்தது. எங்கெல்ஸைப் பிடிக்க ஆணை பிறந்தது. அவர் பெல்ஜியத்துக்குத் தப்பினார். அங்கே கைதாகி அக்டோபர் தொடக்கத்தில் பிரான்ஸுக்குள் தள்ளப்பட்டார். பாரிஸில் நிலைகொள்ள மனமில்லாமல் தெற்கு நோக்கி, சுவிட்சர்லாந்துக்கு, நடந்தே புறப்பட்டார். வயது இருபத்தேழு.

பர்கண்டி வழியாகப் போன அந்த நடைப்பயணத்தைப் பற்றி அவர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓசேர் நகரத்துக்குள் அவர் நுழைந்தபோது திராட்சை அறுவடை உச்சத்தில் இருந்தது. தெருக்கள் சிவந்திருக்கின்றன, சாக்கடையில் செந்நீர் ஓடுகிறது, தாடி வைத்த ஆட்கள் பெரிய தொட்டிகளில் கருஞ்சிவப்பான ஒன்றை நுரைக்க நுரைக்கச் சுமந்து போகிறார்கள். முதலாளிகள் அஞ்சிக்கொண்டிருந்த செங்குடியரசே வந்துவிட்டதோ என்று வாசகரைப் பதறவைத்துவிட்டு, இது யாரையும் துன்புறுத்தாத திராட்சை அறுவடையின் செங்குடியரசு என்று முடிக்கிறார். அந்த ஆண்டின் விளைச்சல் அளவற்றது, பீப்பாய்கள் போதவில்லை, 1846ஐ விடவும் தரம் உயர்ந்தது, ஒருவேளை 1834ஐ விடவும் உயர்ந்தது என்று மகிழ்கிறார்.

ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே எழுத்தாளர் ஒரே உத்தியால் இரண்டு சிவப்புகளைக் காட்டியிருக்கிறார். இரண்டிலும் முதலில் இரத்தம் போலத் தோன்றுகிறது. பிறகு உண்மை தெரிகிறது. வுப்பரில் அந்த உண்மை சாயக்கழிவு. ஓசேரில் அந்த உண்மை திராட்சைச் சாறு. பிறந்த ஊரின் சிவப்பு அவரை வேதனைப்படுத்தியது. அகதியாக நடந்த ஊரின் சிவப்பு அவரைத் தேற்றியது. எங்கெல்ஸுக்கு 1848 என்ற எண் தோற்றுப்போன புரட்சியின் எண். கூடவே கண்ணால் கண்ட ஒரு நல்ல அறுவடையின் எண்.

பர்கண்டியிலிருந்து வெகு தொலைவில் மார்கோவிலும் அந்த ஆண்டு நல்ல ஆண்டாகவே அமைந்தது. புட்டியில் பொறிக்கும் ஆண்டு பழம் பறித்த ஆண்டு. பனி தளிரைக் கருக்காமல், பூ உதிராமல், கோடை வறுத்தெடுக்காமல், பறிக்கும் வேளையில் மழை கெடுக்காமல் ஓர் ஆண்டு கடந்து போவது அரிது. 1848க்கு இன்னொரு பேறும் வாய்த்தது. 1845இல் இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில் ஒன்றில் முதலில் தென்பட்ட சாம்பல் நோய் 1850களில் போர்தோ தோட்டங்களைச் சூறையாடியது. கந்தகத்தூள் தூவக் கற்றுக்கொண்ட பிறகே அது அடங்கியது. 1848இன் பழம் அந்த நோய்க்கு முன்னால் கனிந்த பழம். சொந்த வேரில் நின்ற கொடியின் பழம்.

நிலவறையில் காலம்

பறித்த குலைகளைக் கொட்டாரத்துக்குக் கொண்டுவந்து மரச்சட்டங்களின் மேல் தேய்த்துக் காம்பை நீக்கினார்கள். பழத்தைப் பெரிய ஓக் மரத் தொட்டிகளில் இட்டு மூடினார்கள். திராட்சையின் சாறு நிறமற்றது. சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. நொதிக்கத் தொடங்கியதும் தோல்கள் மேலே எழுந்து தடித்த மூடியாக மிதக்கும். அடியில் இருக்கும் சாறு சூடேறி, சாராயமாக மாறிக்கொண்டே தோலின் நிறத்தையும் துவர்ப்பையும் இழுத்துக்கொள்ளும். எத்தனை நாள் தோலோடு கிடக்க வேண்டும் என்பதை நிலவறைத் தலைவர் ருசித்துப் பார்த்து முடிவுசெய்வார். நொதிக்கவைப்பது உயிருள்ள நுண்ணுயிர் என்பதைப் பாஸ்டர் ஐயமற நிறுவப் பத்தாண்டுகள் இருந்தன. ஆனால் அதே 1848இல், இருபத்தைந்து வயதான பாஸ்டர், ஒயின் பீப்பாய்களில் படியும் உப்போடு தொடர்புடைய படிகங்களை இடவகை, வலவகை என்று கையால் பிரித்து மூலக்கூறுகளின் வடிவத்தைப் பற்றிய அறிவியலுக்குக் கதவைத் திறந்தார். அந்த ஆண்டின் ஐரோப்பாவில் திராட்சை பல திசைகளில் வேலை செய்துகொண்டிருந்தது.

தொட்டியிலிருந்து வடித்த ஒயின் 225 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாய்களுக்குப் போனது. மரத்தின் துளைகள் வழியே சிறிது ஆவியாகும். குறைந்த அளவை மறுபடி நிரப்புவார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அடிவண்டலை விட்டுவிட்டுத் தெளிவை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். அது கரடான துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். இரண்டு, மூன்று ஆண்டுகள் இப்படி. அந்நாள் போர்தோ ஒயினில் சாராயத்தின் அளவு இன்றையதைவிடக் குறைவு. போதைக்காக அதை யாரும் தேடவில்லை.

பிறகு புட்டியில் இன்னும் நீண்ட காத்திருப்பு. இளமையில் நாக்கை இழுக்கும் துவர்ப்பு மூலக்கூறுகள் மெல்ல ஒன்றோடொன்று கோத்து வண்டலாக இறங்குகின்றன. ஊதா கலந்த சிவப்பு மாணிக்கமாகி, பிறகு செங்கல் நிறத்தை எட்டுகிறது. புதுப்பழத்தின் மணம் பின்வாங்க, உலர்ந்த புகையிலை, தேவதாரு, மழை நனைத்த இலைச்சருகு போன்ற மணங்கள் வருகின்றன. மார்கோவுக்கு வடக்கே பொய்யாக் ஊர் ஒயின்கள் திடத்துக்குப் பேர்போனவை. மார்கோவுக்கு மணமும் மென்மையுமே பேர். வயலட் பூவின் வாசனை அதில் உண்டு என்று சுவைப்பவர்கள் சொல்வார்கள். எங்கெல்ஸ் பதில் எழுதிய நாளில் 1848க்கு வயது இருபதை நெருங்கியிருந்தது. ஒரு பெரிய மார்கோவுக்குச் சரியான வயது.

இந்தக் காத்திருப்பைப் பொருளியலும் கண்டுகொண்டது. 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் உழைப்பு நேரத்தையும் உற்பத்தி நேரத்தையும் பிரித்துப் பேசுகிறார். பிழிந்த திராட்சை நொதித்து, பக்குவப்படச் சிறிது காலம் கிடந்தாக வேண்டும்; மனிதக் கை ஓய்ந்திருக்கும்போதும் இயற்கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பதற்கு அங்கே ஒயின் எடுத்துக்காட்டாகிறது. மார்க்ஸ் மறைந்த பின் அந்தக் கையெழுத்துப் படிகளைக் கூட்டிச் சேர்த்து 1885இல் நூலாக்கியவர் எங்கெல்ஸ். அந்தப் பக்கத்தைச் செப்பனிட்டவருக்கு அதன் பொருள் நாக்கிலும் தெரிந்திருந்தது.

கரையும் கடலும்

அந்நாளில் ஒயின் பெரும்பாலும் தோட்டத்திலேயே புட்டியில் அடைபடவில்லை. தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கும் வழக்கத்தை 1924இல்தான் மூத்தோன் தோட்டத்தின் பிலிப் த ரோத்ஷில்ட் முன்னின்று நிலைநாட்டினார். அதுவரை பீப்பாய்கள் தட்டைப் படகுகளில் ஆற்று வழியே போர்தோவின் ஷார்த்ரோன் துறைக்குப் போகும். தரகர் ருசி பார்ப்பார், வணிகர் விலை பேசுவார், தன் கிடங்கில் வளர்ப்பார், கப்பலேற்றுவார். ஆங்கிலேயருக்கு அழுத்தம் பிடிக்கும் என்று ரோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாழ் ஒயினைக் கலந்து அனுப்பிய வணிகர்களும் உண்டு. பெரிய தோட்டத்தின் பெயர் பெரிய பொறுப்பையும் சுமந்தது.

இதே போர்தோவுக்கும் நமக்கும் உறவு உண்டு. புதுச்சேரியில் நீலச்சாயம் ஏற்றிய பருத்தித் துணியைப் போர்தோ வணிகர்கள் செனகலுக்கு அனுப்பி அங்கே பிசின் வாங்கினார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே மத்தியதரைக் கடல் ஒயின் இரட்டைப் பிடிச் சாடிகளில் நம் கரைக்கு வந்ததை அரிக்கமேட்டு ஓடுகள் சொல்கின்றன. நூலும் சாயமும் ஒயினும் ஒரே கடலில் எதிரெதிராகப் பயணம் செய்த சரக்குகள்.

1855இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் மெடோக் ஒயின்களைத் தரவாரியாக அடுக்கினார்கள். பல்லாண்டு விலையே அவர்களுக்கு அளவுகோல். முதல் தரத்தில் நான்கு பெயர்கள் மட்டுமே நின்றன: லாஃபித், லத்தூர், மார்கோ, மெடோக்குக்கு வெளியிலிருந்து ஓ-பிரியோன். 1848இன் புட்டிகள் ஏழு வயதில் இந்தப் பட்டத்தைப் பெற்றன.

ஆனால் இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயின் செல்வர்களின் பொருளாகவே இருந்தது. 1703இல் போர்ச்சுகலோடு செய்த உடன்படிக்கை போர்ட் ஒயினுக்குச் சலுகை கொடுத்துப் பிரெஞ்சு ஒயினைச் சுங்கச் சுவருக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 1860 ஜனவரியில் அந்தச் சுவர் இறங்கியது. மான்செஸ்டர் பருத்தி வணிகத்தில் வளர்ந்த ரிச்சர்ட் காப்டன் பிரான்ஸின் மிஷேல் ஷெவாலியேயோடு பேசி முடித்த வணிக உடன்படிக்கையின்படி ஆங்கிலத் துணிக்குப் பிரான்ஸ் கதவைத் திறந்தது. பிரெஞ்சு ஒயினுக்கு இங்கிலாந்து சுங்கத்தைக் குறைத்தது. அடுத்த ஆண்டே மளிகைக் கடைகளும் ஒயினைப் புட்டிக் கணக்கில் விற்க அனுமதி கிடைத்தது.

எங்கெல்ஸ் அப்போது மான்செஸ்டரில் இருந்தார். 1849 மே மாதத்தில் எல்பர்ஃபெல்ட் எழுச்சிக்கு உதவப் போனவரை, செங்குடியரசை அறிவித்துவிடுவார் என்று அஞ்சி அந்த ஊரின் பாதுகாப்புக் குழுவே வெளியேறச் சொல்லிவிட்டது. புரட்சி அடங்கிய பின் 1850இல் அவர் தந்தை பங்குதாரராக இருந்த எர்மன் அண்ட் எங்கெல்ஸ் நூல் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1864இல் பங்குதாரர் ஆனார். மனதுக்கு ஒவ்வாத அந்த வணிகத்தை மார்க்ஸ் குடும்பம் உயிர்வாழ வேண்டும் என்பதற்காகச் சுமந்தார். லண்டனுக்குப் பணத்தோடு ஒயின் பெட்டிகளும் போயின. மார்க்ஸின் வீட்டில் நோயுற்றவர்களுக்கு அது மருந்தாகவும் இருந்தது. பருத்தி நூலும் மார்கோ ஒயினும் ஒரே உடன்படிக்கையின் இரண்டு கைகளாக அவர் வாழ்வில் சந்தித்தன. வணிகத்திலிருந்து விடுதலை பெற 1869 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகிழ்ச்சி எது என்ற கேள்வி அந்த விடுதலைக்குச் சற்று முன்னால் வந்தது.

அனிலின் சிவப்பு

இப்போது அந்த இரண்டாவது பதிலுக்கு வருவோம். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலினைக் கொண்டு 1850களின் இறுதியில் பிரான்ஸில் ஃபுக்சின் என்ற பளிச்சென்ற செஞ்சாயத்தை உருவாக்கினார்கள். 1863 ஆகஸ்ட் 1 அன்று பார்மனில், எங்கெல்ஸ் பிறந்த ஊரில், பிரீட்ரிஷ் பேயர் என்ற சாய வணிகரும் யோஹான் பிரீட்ரிஷ் வெஸ்காட் என்ற சாயக்காரரும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வீட்டு அடுப்பில் சோதித்துப் பார்த்து அவர்கள் செய்யத் தொடங்கிய சாயம் ஃபுக்சின். அந்த நிறுவனம்தான் இன்றைய பேயர். 1868இல் அலிசரினையும் ஆய்வகத்தில் செய்ய ஜெர்மன் வேதியியலாளர்கள் வழி கண்டார்கள். ஐரோப்பாவின் மஞ்சிட்டி வயல்களும் நம் கரையின் சாயவேரும் அதன்பின் மதிப்பிழந்தன.

நூலில் ஏறிய அனிலின் சிவப்பு கடைசியில் ஒயினிலும் ஏறியது. அமெரிக்கக் கொடிகளோடு வந்த பிலாக்சரா என்ற நுண்ணிய பூச்சி 1863 வாக்கில் தெற்குப் பிரான்ஸின் திராட்சை வேர்களைத் தின்னத் தொடங்கியது. 1868 ஜூலையில், எங்கெல்ஸின் பதிலுக்கு மூன்று மாதம் கழித்து, தாவரவியலாளர் பிளாஞ்ஷோனும் கூட்டாளிகளும் அந்தப் பூச்சியை வேரில் கண்டார்கள். தோட்டங்கள் காய்ந்தன, ஒயின் தட்டுப்பட்டது. தண்ணீரும் சர்க்கரையும் மலிவுச் சாராயமும் கலந்து ஒயின் செய்தார்கள். வெளிறிய அந்தக் கலவைக்கு ஃபுக்சினால் சிவப்பு ஊட்டினார்கள். ஃபுக்சின் செய்யும் முறையில் ஆர்சனிக் பயன்பட்டதால் அந்தச் சிவப்பில் நஞ்சும் கூடவே வந்தது. 1870களில் பிரான்ஸே இதைக் கண்டு கொதித்தது.

எங்கெல்ஸ் வேதியியலை மதித்தவர். அவர் ஊரின் சாய வேதியியலே பின்னாளில் மருந்து வேதியியலாகி, 1897இல் எல்பர்ஃபெல்டில் ஆஸ்பிரினைத் தந்தது. குற்றம் வேதியியலில் இல்லை. காலத்தையும் உழைப்பையும் மண்ணையும் தவிர்த்துவிட்டு அவற்றின் நிறத்தை மட்டும் விற்பது குற்றம். அனிலின் அல்லாத நிறம் என்று எழுதிய கை வுப்பர் ஆற்றைப் பார்த்து வளர்ந்த கை. அந்தப் பதிலை ஒரு சாய ஊர்க்காரரின் தீர்ப்பாகவே நான் படிக்கிறேன்.

அந்தத் தீர்ப்பைப் பிரான்ஸ் பிறகு சட்டமாக்கியது. புதிய திராட்சையை, அல்லது அதன் சாற்றை, நொதிக்கவைத்துப் பெறுவதே ஒயின் என்று 1889இல் சட்டம் வரையறுத்தது. போலி ஒயின் விலையை வீழ்த்தியதால் நொந்த தென்பிரான்ஸ் விவசாயிகள் 1907இல் இலட்சக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். அடக்க அனுப்பிய படையின் ஒரு பிரிவே அவர்கள் பக்கம் சாய்ந்தது. 1935இல் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் முறை வந்தது. மார்கோ என்ற பெயருக்கு 1954இல் அந்தக் காப்பு கிடைத்தது. பூச்சியின் பிடியிலிருந்து தப்ப பிரெஞ்சுக் கொடிகளை அமெரிக்க வேர்களில் ஒட்டுக் கட்டினார்கள். இன்றும் மார்கோ பிழைத்திருப்பது அந்த ஒட்டு முறையால்.

எந்த ஆண்டையும் தயாரிக்க முடியாது

எங்கெல்ஸ் 1895 ஆகஸ்ட் 5 அன்று லண்டனில் இறந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒயின் புட்டிகளை விட்டுச் சென்றார். அவற்றில் பெரும்பங்கு போர்தோச் சிவப்பு. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆலைத் தொழிலாளிக்காக எழுதியவருக்கு மார்கோ எதற்கு என்று கேட்பார்கள். நல்லதைச் சுவைத்தவருக்குத்தான், எத்தனை கோடிப் பேருக்கு அது எட்டவிடாமல் வைக்கப்பட்டிருக்கிறது என்பது முழுதாக உறைக்கும். பார்மன் தொழிலாளிக்கு உருளைக்கிழங்குச் சாராயத்தைத் தவிர வேறெதுவும் எட்டாதபடி செய்த ஒழுங்கை எதிர்த்தே அவர் வாழ்நாள் முழுதும் எழுதினார். துறவை அவர் யாருக்கும் போதிக்கவில்லை.

ஒரு பெரிய அறுவடை ஆண்டின் குணம் எதனால் அமைகிறது என்ற கேள்விக்கு 1848இன் கதை தரும் விடை தெளிவானது. சரளை மண், பழுதில்லாத பருவம், கொடியின் முன்னால் ஓயாமல் குனிந்த முதுகுகள், வண்டலை விட்டுத் தெளிவை எடுக்கத் தெரிந்த கைகள், இருபது ஆண்டுப் பொறுமை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நிறம் இருக்கும், ஒயின் இருக்காது. சாயத்தை ஆய்வகத்தில் செய்யலாம். ஓர் ஆண்டை எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாது.

அதனால் புட்டியோ புடவையோ அரிசியோ, ஆண்டையும் ஊரையும் சொல்லி விற்கும் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதன் நிறம் எங்கிருந்து வந்தது? இதற்காகக் குனிந்தவர் யார்? விடை நேர்மையாகக் கிடைக்கும் பொருளுக்கே உரிய விலையைக் கொடுங்கள்.